போதும்னு சொல்ல மறந்த கோழி!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் நடக்கிற திருவிழா… சிக்கன் கிரேவி! தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில் நின்னு, நமக்கு லெக் பீஸ் விழுமா, கழுத்து விழுமானு கரண்டியையே முறைச்சுப் பார்க்கிற அந்தப் பதற்றம் ஹாஸ்டல்வாசிகளுக்கு நல்லாவே தெரியும். எனக்கு லெக் பீஸ் விழுந்தது. ஜெயிச்ச சந்தோஷத்தில் வந்து உட்கார்ந்தா, எதிரில் இருந்த ரூம்மேட் ஆரம்பிச்சான்.

‘‘சாப்பிடு, சாப்பிடு. எல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு உப்ப வெச்ச கோழிடா!’’

இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. பஸ்ஸில், கல்யாண வீட்டில், டீக்கடையில்… எங்கே பிராய்லர் பேச்சு வந்தாலும் பின்னாடியே ஊசியும் வந்துடும். (சொன்னவன் ரெண்டு பீஸ் கூடுதலா வாங்கினான்ங்கிறது வேற விஷயம்!) எனக்கு மட்டும் அது உறுத்திக்கிட்டே இருந்தது. ஏன்னா எங்க மாமாவே பல்லடம் பக்கம் பிராய்லர் ஷெட் வெச்சிருக்கார். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

தேங்காய் நார்க்கழிவு பரப்பின தரை, சிவப்புத் தீனித் தட்டுகள், தலைக்கு மேல தண்ணி நிப்பிள் வரிசை. ஷெட் முழுக்க ஐயாயிரம் வெள்ளைக் கோழிகள். கேள்வியைக் கேட்டதும் மாமா சிரிச்ச சிரிப்பில் முன்வரிசைக் கோழிகள் எல்லாம் பத்தடி நகர்ந்துடுச்சு.

‘‘ஏன் மாப்ள, ஐயாயிரத்தையும் ஒவ்வொண்ணா புடிச்சு ஊசி போட எவன் இருக்கான்? தடுப்பு மருந்துன்னா கண்ணுல ஒரு சொட்டு, இல்லைனா தண்ணில கலக்கி வுடறது. அவ்வளவுதான். நீ இன்ஜினீயருக்குப் படிக்கிற, கணக்குப் போட்டுப் பாரு!’’

போட்டேன். வளர்ச்சி ஹார்மோன்ங்கிறது ஒரு புரதம். தீனியில் கலந்தா, வயிறு அதையும் பருப்பு மாதிரி செரிச்சுடும். ஊசியா போட்டாலும் ரத்தத்தில் ரொம்ப நேரம் நிக்காது, திரும்பத் திரும்பப் போடணும். ஐயாயிரம் கோழி, தினமும் பல ஊசி, அஞ்சாறு வாரம்… கோழியை விக்கிற காசு சிரிஞ்சுக்கே பத்தாது. ஊசிக் கதை அங்கேயே படுத்துடுச்சு. (கோழித் தொழிலில் நிஜமா கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாட்டிக் பத்தினது. கொலிஸ்டின்ங்கிற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நம்ம மத்திய அரசு 2019-ல் தடையே போட்டது. அது தனிக் கட்டுரை.)

அப்போ, நாற்பது கிராம் குஞ்சு எப்படி அஞ்சாறு வாரத்தில் ரெண்டு கிலோ தாண்டுது?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய கோழி ரகங்களை அப்படியே மாத்தாம பாதுகாத்து வெச்சிருக்காங்க. 1957-ம் வருஷத்து ரகம் ஒண்ணு, 1978-ம் வருஷத்து ரகம் ஒண்ணு. கூடவே 2005-ல் கடைக்கு வந்துக்கிட்டிருந்த ராஸ் 308 ரகத்தையும் சேர்த்து, மூணையும் ஒரே தீனி போட்டு வளர்த்தாங்க. 2014-ல் முடிவு வெளியாச்சு. 56-வது நாள் எடை: 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். அதே தீனி, அதே வயசு, நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமா வளர்ந்த கோழிகளை மட்டும் பொறுக்கி எடுத்து இணை சேர்த்துக்கிட்டே வந்ததுதான் ரகசியம்.

வேகமா வளரணும்னா நிறைய சாப்பிடணும். நிறைய சாப்பிடணும்னா ‘போதும்’னு தோணக் கூடாது. ஸோ, இத்தனை தலைமுறையா மனுஷன் தனக்கே தெரியாம நோண்டிக்கிட்டிருந்தது கோழியின் சதையை மட்டும் இல்லை பாஸ்… அதோட மூளையை!

தலைக்குள்ள ஒரு ஃப்ளோட் வால்வு

நான் படிக்கிறது இன்ஸ்ட்ருமென்டேஷன். எங்களுக்கு உலகமே கன்ட்ரோல் சிஸ்டம்தான். மொட்டை மாடி டேங்க்கை எடுத்துக்கோங்க. தண்ணி குறைஞ்சா மிதவை இறங்கும், வால்வு திறக்கும். நிறைஞ்சா மிதவை ஏறும், வால்வு மூடும். இவ்வளவு தண்ணி இருக்கணும்னு முன்கூட்டியே குறிச்சு வெச்ச அளவுக்கு ‘செட் பாயின்ட்’னு பேர். பசியும் கிட்டத்தட்ட இதேதான்.

கோழியின் மூளைக்கு அடிப்பக்கம் ஹைபோதலாமஸ்னு ஒரு குட்டிப் பகுதி இருக்கு. நமக்கும் இருக்கு. அதுக்குள்ள ரெண்டு கோஷ்டி நரம்பு செல்கள். ஒரு கோஷ்டி என்.பி.ஒய்., ஏ.ஜி.ஆர்.பி. என்ற ரெண்டு ரசாயனங்களைச் சுரந்து, ‘சாப்பிடு, சாப்பிடு’னு கத்தும். இன்னொரு கோஷ்டி ஆல்ஃபா எம்.எஸ்.ஹெச். என்ற ரசாயனத்தை வெச்சு ‘போதும், எழுந்திரு’னு இழுக்கும். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ, அந்தப் பக்கம் கோழி நடக்கும்.

இந்த ரெண்டு கோஷ்டிக்கும் தகவல் கீழேயிருந்து வருது. தீனிப்பை நிறைஞ்சு விரியறது நரம்பு வழியா மேலே போகும். உணவு குடலுக்குள்ள இறங்கினதும் சி.சி.கே. என்ற ஹார்மோன் சுரந்து, ‘சரக்கு வந்து சேர்ந்தாச்சு’னு மூளைக்கு ரசீது அனுப்பும். இருட்டப் போகுதுன்னா அதுக்கும் ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் கோழிகள் அவசர அவசரமா கொத்திக்கிட்டுத் திரியறதைப் பார்த்திருக்கீங்களா? ராத்திரிக்குத் தீனிப்பையை டிபன் பாக்ஸ் மாதிரி நிரப்பிக்குது. முட்டையிடுற கோழி சாயந்திரம் சுண்ணாம்புச் சத்தைத் தேடிக் கொத்தும். ஏன்னா, முட்டை ஓடு உருவாகிறது பெரும்பாலும் ராத்திரியில்தான். ஒரு ஓட்டுக்குச் சுமார் ரெண்டு கிராம் கால்சியம் வேணும்.

இதுவரைக்கும் நம்ம உடம்பு மாதிரியேதான் இருக்குன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. அடுத்து வந்ததுதான் ட்விஸ்ட்.

1999-ல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா ரெண்டு பேரும் எலியின் இரைப்பையிலிருந்து க்ரெலின்னு ஒரு ஹார்மோனைப் பிரிச்சு எடுத்தாங்க. வயிறு காலியா இருந்தா இது ஏறும், பசி எடுக்கும். எலிக்கும் மனுஷனுக்கும் இதுதான் கதை. ‘பசி ஹார்மோன்’னு செல்லப் பேரே வந்துடுச்சு. 2001-ல் அதே ஜப்பானில் ஃபுருசேவும் அவர் குழுவும் இதைக் கோழிக்குஞ்சுகளின் மூளைக்குள்ள செலுத்திப் பார்த்தாங்க. குஞ்சுகள் பாய்ஞ்சு தின்னுமா? ம்ஹூம்… தீனியைத் தொடுறதையே குறைச்சுக்கிச்சு!

எலி ஹார்மோனைக் கோழிக்குப் போட்டதால் வந்த குழப்பமா இருக்குமோ? அடுத்த வருஷமே கோழியின் சொந்த க்ரெலினைக் கண்டுபிடிச்சாங்க. நம்மளுது 28 அமினோ அமிலம், கோழியுது 26. அதைப் போட்டாலும் அதே முடிவுதான். கோழி மூளையில் க்ரெலின் போய்த் தட்டுறது பதற்றத்துக்கான பாதையை. நெஞ்சு படபடன்னு இருக்கிறப்போ யாருக்குச் சோறு இறங்கும்? எக்ஸாம் ஹாலுக்குப் போற காலையில் இட்லி தொண்டையில் நிக்குமே, அந்த மாதிரி.

லெப்டின் கதை இன்னும் காமெடி. 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு எலியில் கண்டுபிடிச்ச ஹார்மோன் இது. உடம்புக் கொழுப்பிலிருந்து கிளம்பி, ‘கையிருப்பு போதுமானது’னு மூளைக்குச் சொல்லும். உடனே கோழியிலும் தேட ஆரம்பிச்சாங்க. 1990-களின் கடைசியில் ‘கிடைச்சாச்சு’ன்னு அறிவிப்பும் வந்தது. பார்த்தா, அது எலி லெப்டினோட ஜெராக்ஸ் காப்பி மாதிரி இருந்தது. கோழிக்கும் எலிக்கும் பொதுவான மூதாதை இருந்தது 30 கோடி வருஷத்துக்கும் முன்னாடி. இவ்வளவு ஒத்துப் போகுமா? வருஷக்கணக்கில் சண்டை. கடைசியில் அந்த அறிவிப்பு தப்புன்னு ஆச்சு. நிஜமான கோழி லெப்டின் மாட்டினது 2016-ல்! அதிலும் பாருங்க, கோழியின் கொழுப்பு அதைப் பெரிசா சுரக்கிறதே இல்லை. அதாவது, ‘கொழுப்பு சேர்ந்துடுச்சு, நிறுத்து’னு மூளைக்குச் சொல்ல, எலிக்கு இருக்கிற தபால்காரர் கோழிக்கு இல்லை.

கோழிங்கிறது றெக்கை முளைச்ச குட்டி எலி இல்லைனு புரிஞ்சுக்க இத்தனை வருஷம். (எங்க லேபில் ரிசல்ட் தப்பா வந்தா மார்க்கைக் குறைக்கிற சாருக்கு இந்தப் பத்தியை டெடிகேட் பண்றேன்!)

அம்மாயி வீட்டு அடைக்கோழி

மாமா ஷெட்டுக்கும் அம்மாயி வீட்டுக்கும் நடுவில் ஒரு களம்தான். அம்மாயி கொல்லையில் நாட்டுக்கோழி வெச்சிருக்காங்க. நான் போன அன்னிக்கு ஒண்ணு அடை படுத்திருந்தது. கூடையில், பதினோரு முட்டை மேல, கண்ணை மட்டும் உருட்டிக்கிட்டு. பக்கத்திலேயே கொட்டாங்குச்சியில் நொய்யரிசி. தொடவே இல்லை.

‘‘தின்னாதா அம்மாயி?’’

‘‘தூக்கி வுட்டாத் திங்கும் கண்ணு. ரெண்டு கொத்து கொத்திட்டு மறுக்கா ஓடியாந்துரும். இருவத்தியொரு நாளும் இப்படித்தான்.’’

இதே விஷயத்தை டொரோன்டோவில் ஷெர்ரி, ம்ரோசோவ்ஸ்கி, ஹோகன்னு மூணு பேர் ஆராய்ச்சி பண்ணி 1980-ல் எழுதியிருக்காங்க. நம்ம வீட்டுக்கோழியின் மூதாதையான காட்டுக்கோழி இனம். அடை படுத்த கோழி பத்திலிருந்து இருபது சதவிகிதம் வரை எடை குறையும். தீனியைக் கூட்டுக்கு ஒட்டி வெச்சாலும் அப்படித்தான். கூட்டை விட்டு எழுந்து போக முடியாமத்தான் பட்டினி கிடக்குதுன்னு நினைச்சவங்களுக்கு அங்கேயே முதல் அடி. அதுக்கப்புறம் நடுவில் சில நாள் தீனியைச் சுத்தமா நிறுத்திட்டு, திரும்பக் கொடுத்துப் பார்த்தாங்க. கோழி சாப்பிட்டது. ஆனா, பழைய எடைக்கு ஏறலை. அடைகாக்கிற அந்த நாளில் எவ்வளவு எடை இருந்திருக்கணுமோ, சரியா அந்தக் கோட்டுக்கு வந்து நின்னுடுச்சு!

எனக்குச் சிலிர்த்துடுச்சு பாஸ். வால்வு பழுதாகலை. செட் பாயின்ட்டையே கோழியின் உடம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறக்குது. அடை சமயத்தில் ப்ரோலாக்டின் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். கூட்டிலேயே உட்கார வைக்கிறது முக்கியமா அதுதான். அம்மாயியின் கோழி பசியை அடக்கிக்கிட்டு தியாகம் பண்ணலை. அதுக்குப் பசியே அந்த அளவுதான். கைக்கு அடக்கமான ஒரு மண்டைக்குள்ள இவ்வளவு நுணுக்கமான கன்ட்ரோலர்!

திரும்பி வந்து ஷெட்டைப் பார்த்தேன். களத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இனம்தான். இங்கே தீனித் தட்டை விட்டு நகர்ந்த கோழி நாலடி நடந்து உட்காருது, எழுந்து மறுபடி தட்டுக்குப் போகுது.

வால்வைக் கழட்டினது யாரு?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பால் சீகல்னு ஒரு விஞ்ஞானி. 1957-ல் வெள்ளை ப்ளைமவுத் ராக் ரகத்தில் ஒரே கூட்டத்துக் கோழிகளை வெச்சு ஒரு வேலையைத் தொடங்கினார். எட்டாவது வாரத்தில் எடை போடுவார். கனமானதைக் கனமானதோடு, லேசானதை லேசானதோடு இணை சேர்ப்பார். தலைமுறை தலைமுறையா இதேதான். வேற எந்த மாற்றமும் இல்லை. நாற்பது தலைமுறை தாண்டினப்போ ரெண்டு வம்சத்துக்கும் நடுவில் எட்டு மடங்குக்கு மேல் எடை வித்தியாசம்!

லேசான வம்சத்தில் சில குஞ்சுகள், கண் முன்னாடி தீனி இருந்தும் ஒரு தடவைகூடக் கொத்தாமலேயே செத்துப் போச்சு. கனமான வம்சம் நேர் எதிர், நிறுத்தவே தெரியாது. ஒரு கட்டத்துக்கு மேல் மனுஷன் தீனியை அளந்து போட்டாத்தான் உயிரோட இருக்கும்.

1983-ல் அந்தக் குழு ஒரு சோதனை செய்தது. ஹைபோதலாமஸில் ‘போதும்’ சொல்ற பகுதியை ரெண்டு வம்சத்துக் கோழிகளிலும் மின்சாரத்தால் சிதைச்சாங்க. லேசான கோழிகள் அளவில்லாம தின்னு கொழுத்துடுச்சு. கனமான கோழிகள்? ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே கழண்டு கிடக்கிற வால்வை மறுபடி எப்படிக் கழட்ட முடியும்?

2013-ல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்து இயான் டன் குழு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. மேலே ரசீது அனுப்புற சி.சி.கே. ஹார்மோனைச் சொன்னேன் இல்லையா? அதை வாங்கிக்கிற ரிசப்டர், வேகமா வளர்ற கோழிகளில் குறைவா இருந்தது. குடல் ரசீது அனுப்புது. கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் பத்தலை. சரக்கு வந்ததே தெரியாம மூளை அடுத்த ஆர்டர் போட்டுக்கிட்டே இருக்கு.

ஸோ, என் ரூம்மேட் சொன்னதில் பாதி சரி. விஷயம் ஹார்மோன்தான். ஆனா, வெளியேயிருந்து ஊசியில் வந்தது இல்லை. கோழியின் சொந்த ஹார்மோன், சொந்த மூளை. அது ரெண்டுக்கும் நடுவில் இருந்த பேச்சுவார்த்தையை மனுஷன் அறுத்துட்டான்.

‘சரி, நல்லாத் தின்னுது, நல்லா வளருது… இதில் என்ன பிரச்னை?’னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், அம்மா கோழிகளைப் பத்திப் படிக்கிற வரைக்கும்.

கடைக்கு வர்ற கோழி அஞ்சாறு வாரத்தோட முடிஞ்சுடும். ஆனா, அந்தக் குஞ்சைப் பொரிக்க முட்டை போடுற தாய்க்கோழி அறுபது வாரம், அதுக்கு மேலயும் வாழணும். அதுக்கும் அதே ஜீன், அதே அடங்காத பசி. இஷ்டத்துக்குத் தின்ன விட்டா உடம்பு பெருத்து, கால் தாங்காம, இதயம் தாங்காம செத்துப் போகும். முட்டையும் ஒழுங்கா போடாது. அதனால் அதுக்கு ரேஷன். வளர்ற பருவத்தில், விட்டா எவ்வளவு தின்னுமோ, அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைக்கும்தான் கொடுப்பாங்க. சில நாடுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பாடே. கொட்டின தீனி சில நிமிஷங்களில் காலி. மீதி நேரம் முழுக்கக் காலித் தட்டைக் கொத்துறது, சுவரைக் கொத்துறது, வயிறு முட்டத் தண்ணியைக் குடிக்கிறது, முன்னும் பின்னும் நடக்கிறது.

பழகிப் போயிருக்கும்னு தோணுதா? அந்த ரோஸ்லின் குழு இதையும் பார்த்திருக்கு. ரேஷனில் வளர்ற கோழிகளின் ஹைபோதலாமஸில் ஏ.ஜி.ஆர்.பி.யின் அளவை எடுத்தாங்க. அதான், ‘சாப்பிடு, சாப்பிடு’னு கத்துற அந்த முதல் கோஷ்டி. அது ஏறியேதான் கிடந்தது. பழகிப் போகலை. உள்ளே கத்திக்கிட்டேதான் இருக்கு.

அம்மாயி வீட்டுக் கோழி இருபத்தொரு நாள் குறைவாத் தின்னுச்சு, ஆனா பசியில்லை. இந்தக் கோழிகளுக்கு உடம்பு ஒழுங்கா இருக்கும், எடை சரியா இருக்கும், ஆனா மாசக்கணக்கா பசி. எடையைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. தலைக்குள்ள பார்த்தாத்தான் தெரியும்.

தீர்வு தேடுறாங்க. ஓட்ஸ் உமி மாதிரி நார்ச்சத்து கலந்து, வயிறு நிறையும் ஆனா சத்து குறைவுன்னு ஒரு தீனி. கொஞ்சம் உதவுது, முழுசா இல்லை. வயிறு நிறைஞ்சாலும் மூளை நிறையலைன்னா என்ன பண்றது? ஐரோப்பாவில் மெதுவா வளர்ற ரகங்களைக் கொண்டு வந்திருக்காங்க. அந்த ரகத்தின் தாய்க்கோழிகளுக்கு இவ்வளவு இறுக்கமான ரேஷன் தேவைப்படாது. ஆனா, ஒரு கிலோ கறிக்குத் தீனியும் நாளும் அதிகம், விலையும் ஏறும். எங்க மெஸ் கமிட்டி மீட்டிங்கில் இதைச் சொன்னா என்னைத்தான் ரோஸ்ட் பண்ணுவாங்க.

போன ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் ரூம்மேட்டிடம் எல்லாத்தையும் சொன்னேன். ஊசி இல்லைன்னதும் அவன் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். தாய்க்கோழி மேட்டரைக் கேட்டுட்டு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டான்: ‘‘உங்க மாமா அதுகளுக்கு எவ்வளவுதான் போடறாரு?’’

பதில் தெரியலை. அங்கேயே மாமாவுக்கு போன் போட்டேன்.

‘‘நம்மகிட்ட ஏது மாப்ள அதெல்லாம்? கம்பெனி வண்டில குஞ்சுதான் வருது. பொரிச்சு ஒரு நாளானது, பெட்டிக்கு நூறு. வயித்துக்குள்ள மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், வர்ற வழியில தீனி தண்ணி கேக்காது. இறக்கி வுட்டு தட்டுல நாலு தட்டு தட்டினாப் போதும், கொத்த ஆரம்பிச்சிரும். அப்புறம் நிறுத்தவே நிறுத்தாது. பன்னெண்டு வருசமா வளர்த்தறேன்… அதுகளோட அம்மாவை நான் ஒருக்காகூடப் பார்த்ததில்ல.’’